ஆப்பரேஷனல் டெஃபினிஷன்: செயல்பாட்டு வரையறையா, செய்முறை வரையறையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கிவரும் உளவியல் ஆய்வுமுறைச் சொற்களில் கருதுகோள், சாரா மாறி, சார்ந்த மாறி, கட்டுப்பாட்டுக் குழு எல்லாம் சண்டையில்லாமல் முடிந்துவிட்டன. ஆப்பரேஷனல் டெஃபினிஷன், அதாவது ஒரு கருத்தை ஆய்வில் என்ன செய்து அளக்கிறோம் அல்லது உண்டாக்குகிறோம் என்று சொல்லும் வரையறை, இந்த ஒரு சொல்லில்தான் இழை நீண்டுகொண்டே போகிறது. இதுவரை வந்த பரிந்துரைகள்: செயல்பாட்டு வரையறை, செயல்முறை வரையறை, அளவீட்டு வரையறை, இயக்க வரையறை. இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: செய்முறை வரையறை.

> ஆப்பரேட்டிங் சிஸ்டம் இயங்குதளம் ஆனது போல, இதுவும் இயக்க வரையறை ஆகலாமே?

இதை முதலில் முடித்துவிடுவோம். அதே ஆப்பரேஷன் மருத்துவமனைக்குப் போனால் அறுவை சிகிச்சை, ராணுவத்துக்குப் போனால் நடவடிக்கை. எந்த ஆப்பரேஷன் என்று பார்க்காமல் ஒட்டுப் போட முடியாது. இந்தச் சொல் உளவியலில் பிறந்ததே அல்ல, இயற்பியலிலிருந்து வந்தது. உயர் அழுத்த ஆய்வுகளுக்காக 1946இல் நோபல் பரிசு பெற்ற பெர்சி பிரிட்ஜ்மன் 1927இல் முன்வைத்த கருத்து இது. 'இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் நடந்தன' என்று சொல்கிறோமே, அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று சொல்லாதவரை அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை என்று ஐன்ஸ்டீன் காட்டியது அவரை உலுக்கியிருந்தது. நீளம் என்றால் என்ன என்பதற்கு அகராதியைப் புரட்டாதே, நீளத்தை அளக்க உன் கை என்ன செய்கிறது என்று சொல் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். அளவுகோலைப் பொருளின் ஒரு முனையில் வைக்கிறோம், மறுமுனை எட்டும்வரை நகர்த்தி நகர்த்தி எண்ணுகிறோம். அந்தச் செய்கைகளின் தொகுப்புதான் நீளம். அவர் சொன்ன ஆப்பரேஷன் இதுதான், ஆய்வகத்தில் ஆள் செய்கிற வேலை. இதில் இயக்கம் எங்கே வருகிறது?

1935இல் உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் இதை உளவியலுக்கு இழுத்துவந்தார். வரவேற்பு கிடைத்ததற்குக் காரணம் உண்டு. மனம், பசி, பயம், அறிவுத்திறன் என்று இந்தத் துறை கையாளும் எதையும் எடுத்து மேசையில் வைக்க முடியாது. தன் மனதைத் தானே கவனித்துச் சொல்லும் அகநோக்கு முறையில் ஆளாளுக்கு ஒன்று சொல்லி, யார் சொல்வது சரி என்று தீர்க்க வழியில்லாமல் திண்டாடிய துறை அது. எலி பசியோடு இருக்கிறதா என்று எலியைக் கேட்க முடியாது. ஆனால் 22 மணி நேரம் தீனி கொடுக்கவில்லை என்றோ, எடையை அதன் வழக்கமான எடையில் 80 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தோம் என்றோ எழுதினால், இன்னொருவர் வேறொரு ஆய்வகத்தில் அதையே செய்து பார்க்கலாம்.

இனி 'செயல்பாட்டு வரையறை'. பலரும் இதையே எழுதுகிறார்கள், தெரியும். புழக்கத்தில் இருப்பதை ஏன் கலைக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் செயல்பாடு என்றதும் தமிழ் வாசகர் மனதில் தோன்றுவது என்ன? சிறுநீரகத்தின் செயல்பாடு, மூளையின் செயல்பாடு. ஒன்று என்ன வேலை செய்கிறது என்பது. அப்படியானால் 'ஆக்ரோஷத்தின் செயல்பாட்டு வரையறை' என்பதை, ஆக்ரோஷத்தால் உயிரிக்கு என்ன பயன் என்ற விளக்கமாக ஒருவர் படித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இதைவிடப் பெரிய சிக்கல், வில்லியம் ஜேம்ஸ், ஜான் டூயி வழிவந்த, மனம் உயிரிக்கு எப்படிப் பயன்படுகிறது என்று பார்க்கும் ஃபங்க்ஷனலிசத்தையும் நாம் செயல்பாட்டுவாதம் என்றுதான் எழுதுகிறோம். பிரிட்ஜ்மன், ஸ்டீவன்ஸ் வழிவந்த, செய்கைகளைக் கொண்டே கருத்தை வரையறுக்கும் ஆப்பரேஷனிசத்துக்கும் அதே பெயரை வைத்தால், உளவியல் வரலாற்றுப் பாடத்தின் ஒரே அலகில் இரண்டு செயல்பாட்டுவாதங்கள் நிற்கும். தேர்வெழுதும் பிள்ளைகள் பாவம்.

செயல்முறை வரையறையும் அதே மாதிரிதான். அறிதல் செயல்முறை, கற்றல் செயல்முறை என்று ப்ராசஸுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தாகிவிட்டது.

> எதைச் சொன்னாலும் கடைசியில் அளப்பதுதானே? அளவீட்டு வரையறை என்றால் எவருக்கும் புரியும்.

இந்த மடலை எழுதிய அம்மையாருக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி உண்மை இவர் பக்கம் இருக்கிறது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் கூட்டாளிகளும் 1961இல் வெளியிட்ட பொம்மை ஆய்வை எடுத்துக்கொள்வோம். 72 குழந்தைகள். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைச் சிலர் பார்த்தார்கள், சிலர் பார்க்கவில்லை. பிறகு ஒவ்வொரு குழந்தையும் 20 நிமிடம் விளையாடுவதை ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனித்து, அந்த நேரத்தை 5 நொடித் துண்டுகளாக, மொத்தம் 240 துண்டுகளாக வெட்டிக் குறித்தார்கள். சுத்தியலால் பொம்மையை அடித்தால் அது பெரியவரைப் பார்த்துச் செய்த ஆக்ரோஷம். அதே சுத்தியலால் வேறு பொருளை அடித்தால் வேறு பத்தி. பொம்மை மேல் ஏறிச் சும்மா உட்கார்ந்தால் அதற்கும் தனிக் கணக்கு. 'குழந்தை முரட்டுத்தனமாக நடந்துகொண்டது' என்ற மங்கலான பேச்சுக்கே இங்கே இடமில்லை. இது முழுக்க அளவீடுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த ஆய்வு அளந்தது சார்ந்த மாறியை, அதாவது விளைவை. ஆய்வாளர் தானே மாற்றிப் பார்க்கிற சாரா மாறிக்கும் இதே வகை வரையறை வேண்டும், அங்கே நாம் அளப்பதில்லை, உண்டாக்குகிறோம். 1959இல் ஸ்டான்லி ஷாக்டர் வெளியிட்ட ஆய்வில் வெள்ளை அங்கி போட்ட ஒருவர் வந்து மாணவிகளிடம் மின்னதிர்ச்சி தரப்போவதாகச் சொல்கிறார். ஒரு குழுவிடம், வலிக்கும், ஆனால் நிரந்தரக் கெடுதல் எதுவும் வராது என்கிறார். இன்னொரு குழுவிடம், லேசாகக் கூசுகிற மாதிரிதான் இருக்கும் என்கிறார். உண்மையில் யாருக்கும் அதிர்ச்சி கொடுக்கவில்லை. கருவிகளைத் தயார் செய்யும்வரை தனியாகக் காத்திருக்கிறீர்களா, மற்றவர்களோடா என்று கேட்டதோடு சரி. கடுமையான விவரம் கேட்ட 32 பேரில் 20 பேரும், லேசான விவரம் கேட்ட 30 பேரில் 10 பேரும் மற்றவர்களோடு இருக்க விரும்பினார்கள். இதில் 'மிகுந்த பதற்றம்' என்பதன் வரையறை என்ன? அந்த அங்கிக்காரர் பேசிய பேச்சு! அதற்குப் போய் அளவீட்டு வரையறை என்று பெயர் வைப்பது எப்படி? அளப்பதும் உண்டாக்குவதும் சேர்ந்து அடங்குகிற சொல் ஒன்று வேண்டும். இரண்டுமே செய்வதுதான்.

அதனால்தான் செய்முறை. செய்முறைத் தேர்வு, செய்முறை விளக்கம் என்று பள்ளிக்கூடத்திலேயே பழகிய சொல். 'இதை எப்படிச் செய்தீர்கள்' என்பதற்கான விடைதான் செய்முறை.

> சமையல் குறிப்பு வாசனை அடிக்கிறதே ஐயா!

அடிக்கட்டும். அந்த வாசனைக்காகவே எனக்கு இது பிடித்திருக்கிறது. படித்தவர் தன் வீட்டில் அதையே செய்து பார்க்கலாம் என்பதற்காகத்தானே சமையல் குறிப்பில் செய்முறை எழுதுகிறார்கள். அறிவியல் முறையில் மறுபடி செய்து பார்த்தல் எவ்வளவு அடிப்படையான விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது பேராசிரியர் ஐயா எழுப்பிய ஐயம். இதற்கு வரையறை என்ற பெயரே தகாது, 'செய்முறைக் குறிப்பு' போதும் என்கிறார். இந்த இழையிலேயே கனமான கேள்வி இதுதான். பிரிட்ஜ்மன் கருத்தை அப்படியே விழுங்கினால், செய்கை மாறினால் கருத்தும் மாறிவிடும். அளவுகோல் வைத்து அளந்த நீளமும், ஒளியைக் கொண்டு கணக்கிட்ட விண்மீன் தொலைவும் கொள்கையளவில் இருவேறு கருத்துகள் என்று அவரே ஒப்புக்கொண்டார். 1923இலேயே உளவியலாளர் எட்வின் போரிங், அறிவுத்திறன் என்பது அறிவுத்திறன் சோதனைகள் சோதிப்பதுதான் என்று எழுதிவைத்தார். அப்படியென்றால் சோதனைக்கு ஒன்றாக எத்தனை அறிவுத்திறன்கள்?

நினைவாற்றலில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். 1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, கொஞ்ச காலம் கழித்து அதே பட்டியலை மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். சுமார் 20 நிமிடம் கழித்து 58 விழுக்காடு மிச்சம், ஒரு நாள் கழித்து 34, 31 நாள் கழித்து 21. இன்னொருவர் இப்படிச் செய்யாமல், 'நினைவிருப்பதை எழுது' என்று தாளை நீட்டினால் ஓர் அசைகூட வராமல் போகலாம். ஒரே ஆள், ஒரே பட்டியல். ஒரு செய்முறைப்படி நினைவு இருக்கிறது, இன்னொன்றின்படி இல்லை.

ஆகவே பிந்தைய உளவியல் பிரிட்ஜ்மனைப் பாதி வழியில் இறக்கிவிட்டது. 1955இல் உளவியலாளர்கள் க்ரோன்பாக்கும் மீலும் கருத்தமைவு ஏற்புடைமை பற்றி, அதாவது பதற்றம், அறிவுத்திறன் போல நேரில் பார்க்க முடியாத ஒன்றை ஒரு சோதனை உண்மையிலேயே அளக்கிறதா என்பது பற்றி எழுதியபோது, எந்த ஒரு சோதனையும் கருத்தமைவை முழுசாகப் பிடித்துவிடாது என்ற நிலைப்பாடு உறுதியாயிற்று. செய்முறை என்பது கருத்துக்குப் போகும் ஒரு வழி, கருத்தே அல்ல. இந்த அளவில் பேராசிரியர் சொல்வது சரி. ஆனாலும் ஆய்வேட்டில் இது உட்காரும் இடம் 'வரையறைகள்' என்ற தலைப்பின் கீழ்தான். தனிமையுணர்வுக்கு, அது என்ன என்று சொல்லும் கருத்து வரையறை ஒன்று, செய்முறை வரையறை ஒன்று என இரண்டும் அடுத்தடுத்து வரும். இணையாக நிற்கும் இரண்டில் ஒன்றை மட்டும் குறிப்பு என்று இறக்கினால், மாணவர் அதை விருப்பப்பட்டால் எழுதலாம் என்று எடுத்துக்கொள்வார். எனவே வரையறை இருக்கட்டும், ஆனால் சொற்பட்டியலின் விளக்கப் பகுதியில் 'இந்த ஆய்வளவில்' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துவிடலாம்.

என் முன்மொழிவு: ஆப்பரேஷனல் டெஃபினிஷன் செய்முறை வரையறை, ஆப்பரேஷனிசம் செய்முறைவாதம், ஆப்பரேஷனலைசேஷன் செய்முறையாக்கம். வினைச்சொல்தான் இடிக்கிறது. 'பதற்றத்தைச் செய்முறையாக்கினோம்' என்பது எனக்கே ஒப்பவில்லை. 'செய்முறைப்படுத்தினோம்' என்றால் அரசாணையை நடைமுறைப்படுத்தியது போல ஒலிக்கிறது. இப்போதைக்கு 'செய்முறை வரையறை தந்தோம்' என்று எழுதிச் சமாளிக்கலாம். நல்ல வினை யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், பட்டியலில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.