பொங்கலுக்கு ஊருக்கு வந்துதான் ஆகணுமா?

தச்சநல்லூரான்:
போன பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்ல வெயிட்டிங் லிஸ்ட் கடைசி வரைக்கும் கன்ஃபார்ம் ஆகல. ஆம்னி பஸ்ஸுக்கு மூணு மடங்கு காசு கொடுத்து, மெட்ராஸ்ல இருந்து 600 கிலோமீட்டருக்கு மேல உக்காந்தே வந்தேன். பானை பொங்குன அஞ்சு நிமிஷம் எல்லாரும் வாசல்ல நின்னு குலவை போட்டோம். அதுக்கப்புறம் டிவி, ஆளாளுக்கு ஒரு போன். கரிநாள் அன்னைக்குக் கிளம்பும்போதுதான் உறைச்சுது: மூணு நாள்ல அப்பா என்கிட்ட கேட்டது "பஸ்ஸு எத்தனை மணிக்கு?" அவ்வளவுதான். இந்த வருஷம் வரல. கூட்டம் இல்லாத ஒரு வாரத்துல லீவு போட்டு வந்து நிம்மதியா பேசிட்டுப் போறேன். இதுல என்ன தப்பு?

கல்லிடை_அக்கா:
தப்புன்னு சொல்லல தம்பி. ஆனா அந்த வாரத்துல வேற யாரும் வரமாட்டாவ.

எங்க வீட்டுக்கும் எதுத்த வீட்டுக்கும் ஒரு சுவர்த் தகராறு, ஏழு வருஷமாப் பேச்சு கிடையாது. ஒரு மார்கழியில என் மகளும் அந்த வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து தினம் கோலத்துல சாணி உருண்டை பிடிச்சுப் பூசணிப்பூ வச்சுதுங்க. தையில ரெண்டும் சேர்ந்து மண்ணைக் குழைச்சு ஒரே சிறுவீடு கட்டுச்சு. சிறுவீட்டுப் பொங்கல் முடிஞ்சு, அந்தச் சாணியும் பூவும் காஞ்ச பூவெருவில சூடம் கொளுத்தி ஆத்துல விடணுமே, ரெண்டு அம்மாமாரும் ஒரே படித்துறைக்குத்தான் போகணும். "தண்ணி இழுக்கு, பிள்ளையப் பிடிங்க மதினி"ன்னா அவ. என் கை நடுங்கிட்டு. லீவு போட்டு வந்தா இது கிடைக்குமா?

சுத்தமல்லி_மருமக:
அக்கா, நீங்க சொல்லுதது எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா அந்த மூணு நாளும் அடுக்களையில யாரு? சிறுகிழங்கைச் சாக்குல போட்டு உரசி, மிச்சத் தோலைச் சுரண்டி எடுக்கதுக்குள்ள விரல் கறுத்துப் போகும். பேச ஆள் இல்லைன்னு கூடத்துல உக்காந்து வருத்தப்படுதவங்க யாரும் அங்க வந்து கிழங்கு உரசுனதில்ல. கல்யாணம் ஆகிப் பத்து வருஷம். அம்மா வீட்டுல இருந்து கரும்பும் மஞ்சக்குலையும் பொங்கப்படியா வருது. நான் ஒரு பொங்கலுக்கும் அங்க போனதில்ல. உறவுன்னா ரெண்டு பக்கமும் இருக்கணும்லா? தம்பி வரலைன்னா நான் குத்தம் சொல்லமாட்டேன்.

பாளை_வாசி:
நாங்க கிறிஸ்துமஸ் கொண்டாடுத வீடு, பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் சர்ச் பக்கம். 2023 டிசம்பர் 17, 18 மழை நினைவிருக்கா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தெரியல. ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோட நின்னுபோச்சு. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரங்க தங்களோட வீட்டு அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொடுத்தாங்க. அன்னைக்கு எந்தப் பண்டிகையும் இல்ல, தச்சநல்லூரான் பக்கம் ஞாயம் இருக்குன்னுதான் முதல்ல நெனைச்சேன். இப்ப அப்படித் தோணல. கோயில் கொடைக்கும் திருவிழாவுக்கும் அண்டாவுல ஆக்கி முகம் தெரியாதவங்களுக்கும் பந்தி போட்டுப் பழகுன கைங்க அது. திடீர்னு ஒரு நாள்ல வர்றதில்ல அது.

தச்சநல்லூரான்:
அக்கா, எங்க வீட்டுல சண்டை இருந்தாக்கூடப் பரவாயில்ல, சண்டையும் இல்ல பேச்சும் இல்ல. மருமக சொன்னதுதான் குத்துது. எங்க மதினி விரலை நான் பாத்ததே இல்ல.

கல்லிடை_அக்கா:
அப்பாகிட்ட எதிரெதிர உக்காந்தா பேச்சு வராது தம்பி. பொங்கலுக்கு முந்தின நாள் அடுப்புக்கட்டிக்குக் காவி அடிப்பாவல்லா, கிண்ணத்தை வாங்கி நீங்க அடிங்க. "அப்படி இல்லலே"ன்னு அவரே ஆரம்பிப்பாரு.

தச்சநல்லூரான்:
டிக்கெட் 60 நாளைக்கு முன்னாடியே தீந்துபோச்சு. தட்கல்ல பாக்கேன். வாக்குக் கொடுக்கல.

சுத்தமல்லி_மருமக:
மாட்டுப்பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போறேன்னு இன்னைக்கு ராத்திரி வீட்டுல சொல்லப்போறேன். இதுவரைக்கும் கேட்டதே இல்ல நான்.