தீன் மூர்த்தி பவனில் நேரு பெயரை எடுத்தது நியாயமா?

நூலகப்புழு:
பழைய ஆய்வுக் குறிப்புகளைக் கிளறிக்கொண்டிருந்தேன். பாதி அடிக்குறிப்புகளில் "என்.எம்.எம்.எல்" என்று இருக்கிறது. தில்லி தீன் மூர்த்தி பவனில் இருந்த நேரு நினைவு அருங்காட்சியகமும் நூலகமும். இனி "பி.எம்.எம்.எல்" என்று போட வேண்டும், பிரதமர்கள் அருங்காட்சியகமும் நூலகமும். 2023 ஜூனில் ராஜ்நாத் சிங் தலைமையில் கூடிய சிறப்புக் கூட்டத்தில் முடிவெடுத்து, ஆகஸ்ட் 14 முதல் மாற்றிவிட்டார்கள். சுருக்கப் பெயரில் ஒரே ஓர் எழுத்துதான் மாற்றம். ஆனால் அந்த ஓர் எழுத்துக்குள்தான் நேரு இருந்தார்!

1948 முதல் 1964இல் இறக்கும்வரை அவர் வாழ்ந்த வீடு அது. இறந்த அதே ஆண்டு நவம்பர் 14இல் நினைவிடமாகத் திறந்தார்கள். ஏதோ ஒரு மேம்பாலத்துக்குத் தலைவர் பெயர் வைப்பதும் இதுவும் ஒன்றா? எனக்கு நியாயமாகப் படவில்லை.

மாம்பலம்வாசி:
சார், "அவர் வீடு" என்கிறீர்கள். அது பிரிட்டிஷ் படைத் தளபதிக்காக 1930இல் கட்டிய வீடு. சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கச் சொத்து. அடுத்த பிரதமர் சாஸ்திரி அங்கே குடியேறியிருக்கலாம். அதற்கு வழியில்லாமல் நினைவிடமாக்கிவிட்டார்கள்.

2022 ஏப்ரலில் அதே வளாகத்தில் எல்லாப் பிரதமர்களுக்குமான அருங்காட்சியகம் திறந்தாயிற்று. உள்ளே சாஸ்திரி, மொரார்ஜி, நரசிம்ம ராவ், வாஜ்பாய் எல்லாரும் இருக்கிறார்கள். இத்தனை பேர் இருக்கும் வீட்டு வாசலில் ஒருத்தர் பெயர்ப்பலகை மட்டும் தொங்கினால் மற்றவர்கள் என்ன வாடகைக்கு இருப்பவர்களா?

நூலகப்புழு:
உங்கள் வாடகைக் கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் புது அருங்காட்சியகத்துக்கு 2022லேயே "பிரதான் மந்திரி சங்கிரகாலயா" என்று தனிப் பெயர் வைத்தாயிற்றே. அப்புறம் எதற்கு நூலகத்தின் பெயரில் கை வைக்க வேண்டும்? பக்கத்தில் புது வீடு கட்டியவர் பழைய வீட்டுப் பலகையையும் கழற்றியது போலத்தான் இது.

நூலகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரும்பாலானவர்கள் போவது அருங்காட்சியகத்துக்கு: கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேருவின் படுக்கையறையைப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், கிளம்புவார்கள். ஆவணப் பகுதியில் உட்கார்ந்தால்தான் அந்த இடத்தின் அருமை தெரியும். ராஜாஜியின் கடிதங்கள் அங்கே இருக்கின்றன. கடைசிக் காலத்தில் நேருவின் ஆட்சியை அவரைப் போல விளாசியவர் யார்? ஜெயப்பிரகாஷ் நாராயணின் ஆவணங்கள் இருக்கின்றன. ஜனசங்கத்தைத் தொடங்கிய சியாமா பிரசாத் முகர்ஜியின் தாள்களும் அங்கேதான். நேருவோடு சண்டை போட்டவர்களின் தாள்களை நேரு பெயரிலான நூலகம்தான் இத்தனை ஆண்டு பாதுகாத்தது. அந்தப் பெயர் யாருக்கு என்ன இடைஞ்சல் செய்தது?

2018இலேயே மன்மோகன் சிங் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், அந்த வளாகத்தை அப்படியே விட்டுவிடுங்கள் என்று. கேட்கவில்லை.

மாம்பலம்வாசி:
இடைஞ்சல் என்ன என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: நாட்டில் எங்கே திரும்பினாலும் ஒரே குடும்பம். தில்லி விமான நிலையம் இந்திரா, ஐதராபாத் விமான நிலையம் ராஜீவ். விளையாட்டு வீரர்களுக்கான கேல் ரத்னா விருதுக்குக்கூட ராஜீவ் பெயர்தான். 2021இல்தான் தியான் சந்த் பெயருக்கு மாறியது. அதையும் தப்பு என்பீர்களா? அப்புறம், அதே தீன் மூர்த்தி வளாகத்தில் நேரு கோளரங்கம் இன்னும் நேரு பெயரிலேயே இருக்கிறது. அழித்துவிட்டார்கள் என்று அழ வேண்டாம்.

நூலகப்புழு:
தியான் சந்த் பெயரை நான் குறை சொல்லவில்லை. அது ஹாக்கிக்காரர் பெயரில் விளையாட்டு விருது, பொருத்தம் இருக்கிறது. நேருவுக்கும் அந்த வீட்டுக்கும் உள்ள பொருத்தம் அதைவிடக் குறைவா?

கட்டபொம்மன் பஸ்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும், திருநெல்வேலிக்காரன். என் பெயரைப் பார்த்தாலே தெரியும், இந்தப் பெயர் எடுக்கும் வைத்தியம் எங்களுக்குப் பழசு. நான் பள்ளிக்கூடம் போனது கட்டபொம்மன் போக்குவரத்துக் கழக பஸ்ஸில். அப்போது மாவட்டத்துக்கே நெல்லை கட்டபொம்மன் என்று பெயர். விருதுநகர் காமராசர் மாவட்டம், ஈரோடு பெரியார் மாவட்டம், சிவகங்கை பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். 1997இல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குப் பட்டியல் சாதியைச் சேர்ந்த விடுதலை வீரர் வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது ஒரு தரப்பு அந்த பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றது. கலவரம், சாவு. கடைசியில் கலைஞர் அரசு மாவட்டங்களிலும் போக்குவரத்துக் கழகங்களிலும் இருந்த எல்லாப் பெயரையும் ஒரே அடியாக எடுத்தது. அண்ணா, பெரியார், காமராசர், சேரன், சோழன், பாண்டியன், ஒருத்தர் மிச்சமில்லை.

எங்களுக்கும் வருத்தம்தான். ஆனால் "எங்க ஆளை மட்டும் எடுத்தாங்க" என்று யாரும் சொல்ல முடியவில்லை. மாம்பலம் அண்ணாச்சி, தில்லியில் எடுத்தது ஒருத்தர் பெயரை மட்டும்தானே?

மாம்பலம்வாசி:
தம்பி, அங்கேயும் அதேதான் நடந்தது. நேருவை எடுத்துவிட்டு இன்னொரு தலைவர் பெயரை வைக்கவில்லையே, பொதுப் பெயர்தானே வைத்தார்கள்.

கட்டபொம்மன் பஸ்:
சரி, பொதுப் பெயர்தான் கொள்கை என்றால் 2021இல் அகமதாபாத் மொட்டேரா மைதானத்துக்கு ஏன் நரேந்திர மோடி பெயர்? அதுவும் பதவியில் இருக்கும்போதே. அதுவரை சர்தார் படேல் மைதானம் அது. தில்லி ஃபெரோஸ் ஷா கோட்லாவுக்கு 2019இல் அருண் ஜேட்லி பெயர். இங்கே பொதுப் பெயர், அங்கே சொந்தப் பெயரா அண்ணாச்சி?

மாம்பலம்வாசி:
மொட்டேராவைச் சுற்றியுள்ள விளையாட்டு வளாகத்துக்கு படேல் பெயர் இருக்கிறது. ஆனால் உயிரோடு இருப்பவர் பெயரை மைதானத்துக்கு வைத்தது எனக்கும் பிடிக்கவில்லை, அதை அன்றைக்கே எழுதினேன். அதற்காக தீன் மூர்த்தி முடிவு தப்பாகிவிடாது. இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டாதீர்கள்.

நூலகப்புழு:
முடிச்சு போட்டது நாங்கள் இல்லை, அவர்கள்தான். அது போகட்டும். பெயரை எடுத்தேதான் தீர வேண்டும் என்றால், அருங்காட்சியகத்தை மட்டும் பிரதமர்கள் பெயரில் வைத்து நூலகத்தை விட்டிருக்கலாம். அதற்காவது ஒப்புக்கொள்வீர்களா?

மாம்பலம்வாசி:
நூலகத்துக்கு மட்டும் என்றால்... யோசிக்கலாம். ராஜாஜி கடிதங்கள் அங்கே இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். ஆய்வு மாணவர் அல்லாதவர்களைப் பார்க்க விடுவார்களா?

நூலகப்புழு:
நான் போன காலத்தில் கல்லூரியிலிருந்து கடிதம் கேட்டார்கள். இப்போதைய நடைமுறையைப் போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோக்காரரிடம் புதுப் பெயரும் வேண்டாம், பழைய பெயரும் வேண்டாம். "தீன் மூர்த்தி" என்றால் கொண்டுபோய் விடுவார்.