அவசரம்: ட்ரெய்லரோடு மலை இறங்கும்போது பிரேக் தீய்ந்த வாசனை

மைல்ஹை_மாப்பிள்ளை:
வணக்கம், கொஞ்சம் அவசரம். அமெரிக்காவின் கொலராடோவில், டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில், தங்கிச் சமைக்கும் கேம்பிங் ட்ரெய்லரை பிக்கப்பில் இழுத்துக்கொண்டு வந்தோம். மலையுச்சியில் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வரை ஏற்றத்தில் வண்டி 35 மைலைத் தாண்டவே இல்லை, எஞ்சின் அலறியது. சுரங்கம் தாண்டி இறங்கினால் பிரேக் தீய்ந்த வாசனை, பெடல் மெத்தென்று உள்ளே போகிறது. இப்போது சில்வர்தோர்னில் ஒரு கடை வாசலில் நிற்கிறோம். நாளை வேல் பாஸ் என்ற அடுத்த மலைக்கணவாய் தாண்டி க்ளென்வுட் ஸ்பிரிங்ஸ் போகவேண்டும், கேம்ப் இடத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது. போகலாமா?

பழைய_டீசல்:
என்ன வண்டி? ட்ரெய்லர் என்ன எடை? எத்தனை பேர்? எதையும் சொல்லாமல் ‘போகலாமா’ என்றால் கிளி ஜோசியம்தான் பார்க்கவேண்டும்.

பெட்ரோல்_பித்தன்:
எந்த பெட்ரோல் போட்டீர்கள்? கொலராடோவில் ரெகுலர் என்று விற்பது 85 ஆக்டேன் (எஞ்சினில் பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் அளவு). உயரமான ஊருக்கு அது போதும் என்பது கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. பாரம் இழுக்கும்போது 87க்குக் குறையவே கூடாது.

ராணி_ரோடுமேல:
அது ஏற்றத்துக்குச் சரி. பிரேக் வாசனைக்கும் ஆக்டேனுக்கும் என்ன சம்பந்தம்? சார், பெடல் மெத்தென்று போனால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. ஆறியதும் பெடல் கெட்டியாகிவிடும், அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

மைல்ஹை_மாப்பிள்ளை:
மன்னிக்கவும். அரை டன் பிக்கப் (அது வகையின் பெயர்தான், சுமக்கும் எடை அல்ல), வி8 எஞ்சின். வாடகை ட்ரெய்லர், 26 அடி, 5,200 பவுண்டு என்று ஒட்டியிருக்கிறது. வண்டி விற்றவர் 9,000 வரை இழுக்கும் என்றார். நாங்கள் இருவர், 2 பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா. அப்பா கொல்லிமலையில் லாரி ஓட்டியவர். ‘கியரைக் குறைடா’ என்று பின் சீட்டிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். ஆட்டோமேட்டிக் வண்டிப்பா, அதுவே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டேன்.

பழைய_டீசல்:
தம்பி, 5,200 என்பது காலி எடை. தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் சேர்ந்தால் 6,500க்கு மேல். அதில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் உட்காரும், 800 என்று வையுங்கள். ஆறு பேர் இன்னொரு 800. ஓட்டுநர் கதவைத் திறந்து, வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்ற ஸ்டிக்கரைப் படித்திருக்கிறீர்களா? படித்திருக்க மாட்டீர்கள். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் 3 சதவீதம் சக்தி இழக்கும். சுரங்கம் 11,000 அடிக்கு மேல், அங்கே மூன்றில் ஒரு பங்கு காலி. நான் 2004லிருந்து சொல்கிறேன், மலைக்கு டீசல்தான்.

சேலத்து_சிங்கம்:
அப்பா ஓட்டியது 70 கொண்டை ஊசி வளைவு! அதற்கு முன்னால் ஐ-70 எல்லாம் பைபாஸ் ரோடு.

ராணி_ரோடுமேல:
வளைவு இருந்தால் வேகம் தானாகக் குறையும். இங்கே 7 சதவீதச் சரிவு மைல் கணக்கில் நீள்கிறது, ஆளை 60ல் இழுத்துக்கொண்டு போகும். பிரேக் போன லாரி ஏறி நிற்க ஓரத்தில் சரளை மேடு சும்மாவா போட்டிருக்கிறார்கள்?

சேலத்து_சிங்கம்:
கொல்லிமலையில் ஒருமுறை ஓட்டிவிட்டுப் பேசுங்கள்.

ராணி_ரோடுமேல:
ஓட்டியிருக்கிறேன். திருச்செங்கோடு என் ஊர்.

கொக்கி_குமார்:
ஊர்ச் சண்டை அப்புறம். மாப்பிள்ளை, ஒரே கேள்வி. நின்றவுடன் ட்ரெய்லர் சக்கரம் சுட்டதா?

மைல்ஹை_மாப்பிள்ளை:
பிக்கப்பின் முன்சக்கரத்துப் பக்கமே போக முடியவில்லை, அவ்வளவு அனல். ட்ரெய்லர் சக்கரத்தில் சின்னவள் சாய்ந்து நின்று சிப்ஸ் தின்றாள். ஒன்றும் சுடவில்லை.

கொக்கி_குமார்:
அப்படியென்றால் ட்ரெய்லர் பிரேக் வேலையே செய்யவில்லை. மொத்தப் பாரத்தையும் பிக்கப் பிரேக்தான் பிடித்திருக்கிறது. டாஷ்போர்டில் ட்ரெய்லர் பிரேக் கண்ட்ரோலரில் கெயின், அதாவது ட்ரெய்லர் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்கவேண்டும் என்ற அளவு, என்ன காட்டுகிறது?

மைல்ஹை_மாப்பிள்ளை:
0.0. கோளாறு எதுவும் இல்லை என்று காட்டுகிறது என நினைத்தேன் 🙈

பழைய_டீசல்:
ஈஸ்வரா.

கொக்கி_குமார்:
பரவாயில்லை, நானும் முதல் தடவை பிளக்கையே சரியாகச் செருகவில்லை. முதலில் மெக்கானிக்கிடம் பிரேக் ஆயிலை மாற்றி பேடையும் பார்த்துவிடுங்கள். அப்புறம் காலி மைதானத்தில் 20 மைல் வேகத்தில், கால் பிரேக்கைத் தொடாமல், கண்ட்ரோலரில் உள்ள கை லீவரை மட்டும் அழுத்துங்கள். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கவேண்டும். அது வரும்வரை கெயினைக் கூட்டுங்கள், சக்கரம் பூட்டிக்கொண்டால் கொஞ்சம் குறையுங்கள். எவ்வளவு கூட்டியும் இழுவை இல்லையென்றால் வயரிங் கோளாறு, கிளம்பாதீர்கள். தண்ணீர் டேங்கைத் திறந்துவிடுங்கள், 40 கேலன் என்றால் 330 பவுண்டு. இறக்கம் தொடங்கும் முன்பே டோ மோடு (பாரம் இழுப்பதற்கான கியர் அமைப்பு) போட்டு கியரைக் குறையுங்கள், எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் அப்பா சொன்னதுதான்.

ராணி_ரோடுமேல:
ஸ்டிக்கர் விஷயத்தில் மட்டும் பழைய டீசல் சொல்வதைக் கேளுங்கள். மிச்சச் சாமானையும் குறைக்கப் பாருங்கள்.

(மறுநாள் இரவு)

மைல்ஹை_மாப்பிள்ளை:
க்ளென்வுட் வந்துவிட்டோம். ஆயில் மாற்றியாயிற்று. கெயின் 6.5. ஸ்டிக்கரில் 1,480 தான், அரிசி மூட்டை சில்வர்தோர்னில் நண்பர் வீட்டில் இருக்கிறது. வேல் பாஸ் இறக்கம் முழுக்க இரண்டாம் கியர், அப்பா முன் சீட். எல்லோருக்கும் நன்றி.

பெட்ரோல்_பித்தன்:
கடைசிவரை எந்த பெட்ரோல் என்று சொல்லவே இல்லையே?