பொருள்: ‘ரிஸ்க் மார்க்கர்’ – தமிழில் எது?

குழுவினருக்கு வணக்கம்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து முகாம்களில் கொடுக்க இதய நோய் இரத்தப் பரிசோதனைத் துண்டறிக்கை ஒன்று தயாராகிறது. ‘ரிஸ்க் மார்க்கர்’ என்பதற்கு ஆளுக்கொரு விதமாக இடர்ச்சுட்டி, ஆபத்துக் குறியீடு, அபாயக் குறிப்பான் என்று எழுதியிருக்கிறார்கள். ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நெஞ்சுவலிக்காரருக்குப் பார்க்கும் ட்ரோபோனினும், வலியே இல்லாதவருக்குப் பார்க்கும் கொழுப்பு அளவும் ஊரில் ‘ஹார்ட் டெஸ்ட்’ என்ற ஒரே பெயரில்தான் வழங்குகின்றன. ட்ரோபோனின் நார்மல் என்றதும் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதயத்தசை இப்போது சேதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் ட்ரோபோனின். வலி தொடங்கிய உடனே எடுத்த இரத்தத்தில் அதுவும் தெரியாமல் போகலாம். சில மணி நேரம் விட்டு மறுபடி எடுப்பது அதனால்தான். ஆகவே ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்.

– ஆய்வக நுட்பர், மதுரை

*

> ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

சரியான கோரிக்கை. ‘குறியீடு’ வேண்டாம், அஞ்சல் குறியீட்டு எண்தான் நினைவுக்கு வரும். ‘சுட்டி’யைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். திசைகாட்டி, நாள்காட்டி எல்லோரும் புழங்கும் சொற்கள். அதே வார்ப்பில் ‘ரிஸ்க் மார்க்கர்’ இடர்காட்டி, ட்ரோபோனின் சேதங்காட்டி. ‘பேரிடர்’ செய்திகளில் அடிக்கடி அடிபடுவதால் ‘இடர்’ யாருக்கும் புதிதில்லை. திசைகாட்டியில் ஒற்று மிகாததுபோல இதிலும் க் மிகாது. இடர்க்காட்டி என்று அச்சாகிவிடாமல் பாருங்கள்.

– தமிழாசிரியர், திருமங்கலம்

*

இரண்டு சொல்லும் நன்று. ஆனால் ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல்லை ‘இடர்காட்டி’ என்று எழுதாதீர்கள். இரத்தநாளச் சுவருக்குள் புகுந்து அடைப்பை உண்டாக்குவதே அதுதான், அது இடர்க்காரணி. (இங்கே க் வரும்தானே, ஐயா?) காரணியைக் குறைத்தால் நோய் குறையும். காட்டியைத் திருத்தி நோயைத் திருத்த முடியாது. பிறவியிலேயே அளவு பெரும்பாலும் தீர்மானமாகிவிடும் எல்பி(ஏ) என்ற எல்டிஎல் போன்ற கொழுப்புத் துகளும் காரணிதான். பொதுவாக வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும்.

காட்டி என்ற பெயர், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் எச்எஸ்-சிஆர்பி என்ற புரதத்துக்குப் பொருந்தும். லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே இடர் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம். 10ஐத் தாண்டினால் காய்ச்சலோ பல்லில் சீழோ இருக்கிறதா என்று பார்த்து, அது ஆறி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். சில ஆய்வகங்கள் டெசிலிட்டர் (100 மி.லி.) கணக்கில் தருகின்றன, அங்கே 0.3 என்றால் இங்கே 3.

‘கணக்கிட்ட எல்டிஎல்’, ‘அளந்த எல்டிஎல்’ இரண்டையும் பிரித்தே எழுதுங்கள். பல இடங்களில் மொத்தக் கொழுப்பிலிருந்து ‘நல்ல கொழுப்பு’ எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துத்தான் எல்டிஎல் போடுகிறார்கள். மொத்தம் டெசிலிட்டருக்கு 210 மி.கி., எச்டிஎல் 40, டிரைகிளிசரைடு 150 என்றால் எல்டிஎல் 140. அதே ஆள் இரவு பதினொரு மணிக்கு முட்டை புரோட்டா சாப்பிட்டுவிட்டுக் காலை ஆறு மணிக்குக் கை நீட்டி, டிரைகிளிசரைடு 250 ஆகிவிட்டால் 120! தாளில்தான் குறைந்தது, உடம்பில் இல்லை. 400ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரமே செல்லாது. சிலருக்குச் சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) நீராகாரம்போல் வெளுத்துக் கலங்கியிருக்கும்; அப்போது நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

– உயிர்வேதியியல் பேராசிரியர், மதுரை

*

இடர்க்காரணியில் க் வரும், ஐயா. அது இடருக்குக் காரணி. இடரைக் காட்டுவது இடர்காட்டி.

‘ஃபாஸ்டிங்’குக்கு ‘உண்ணாநிலை’ என்று போட்டிருக்கிறார்கள். அது போராட்டப் பந்தலை நினைவூட்டுகிறது.

– தமிழாசிரியர், திருமங்கலம்

*

‘வெறும் வயிறு’ என்று மாற்றிவிட்டேன். ஆனால் அதைப் படித்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல், பிரஷர் மாத்திரையும் போடாமல் வருகிறார்கள். அதனால் கீழே இப்படிச் சேர்த்திருக்கிறேன்: “இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். காலையில் காபி, டீ வேண்டாம், தண்ணீர் குடிக்கலாம். பிரஷர் மாத்திரையை நிறுத்த வேண்டாம். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் பற்றி முதல்நாளே மருத்துவரைக் கேளுங்கள்.”

– ஆய்வக நுட்பர், மதுரை