கோத்தகிரி: ஈரத்தில் வீணாகும் கணினிகள், வழி சொல்லுங்கள்

கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்தில் பிள்ளைகளுக்காகப் படிப்பகம் நடத்துகிறோம். அங்குள்ள ஆறு டெஸ்க்டாப்களும் ஈரத்தில் கெட்டுக்கொண்டே வருகின்றன. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து இந்தப் பாடுதான்.

கருங்கல் சுவர், தகரக் கூரை, 12க்கு 15 அடி அறை. ஹீட்டர் கிடையாது. இரவில் 10 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது, விடிகாலையில் ஈரப்பதம் 90 சதவீதம் காட்டுகிறது. எல்லாமே டிடிஆர்3 ரேம் (பழைய தலைமுறை நினைவக அட்டை) போட்ட பழைய இயந்திரங்கள். காலையில் பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றும், பீப் சத்தம் வரும், திரை கருப்பாகவே நிற்கும். ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினால் உயிர் வரும்; சில நாளில் மறுபடி அதே கதை. ஒன்றின் மதர்போர்டில் பச்சை பூத்துவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது, மாற்று வாங்கப் பணம் இல்லை.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகள் வைத்தோம், யானைப் பசிக்குச் சோளப்பொரி. மேசைகளைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டோம். பிளாஸ்டிக் உறைக்குள் நீர் கோத்ததால் துணிக்கு மாறினோம். தினமும் கொஞ்ச நேரம் ஓடவிடுகிறோம், மின்சாரம் இருந்தால். அப்புறம், காற்றைக் குளிரவைத்து ஈரத்தைப் பிரிக்கும் கம்ப்ரசர் வகை டீஹியூமிடிஃபையர் ஒன்றை இரவல் வாங்கினோம். இந்தக் குளிரில் அதன் குளிர்ச் சுருளிலேயே பனி உறைந்துவிடுகிறது.

மலையில் கணினி வைத்திருப்பவர்களிடம் கேட்கிறேன்: ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து குளிரிலும் வேலை செய்யும் டெசிக்கன்ட் வகை இயந்திரம் வாங்குவதா, அல்லது அந்தப் பணத்தில் கதவு வைத்த அலமாரி செய்து, இரவில் உள்ளே சூட்டுக்காகச் சிறிய குண்டு பல்பு எரியவிடுவதா, எது பலன் தரும்?