ஸ்லாலம் முடிந்ததும் முதல் பிரேக்கில் பெடல் உள்ளே போகிறது (ஸ்விஃப்ட் ஸ்போர்ட்) - உதவி தேவை

ஈசூன்_ஸ்விஃப்ட்:
எல்லோருக்கும் வணக்கம். கார் 2008-இல் பதிவான சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், இசட்சி31எஸ், 1.6 மேனுவல். சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்று) புதுப்பித்து 2028 வரை இருக்கிறது. வேலைக்குப் போவதும் இதில்தான், கோன் வைத்து ஆட்டோகிராஸ் (கோன் பாதையில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டி) ஓட்டுவதும் இதில்தான். வருடக் கடைசி மழை பிடித்துக்கொண்டதால் எங்கள் கூட்டம் பிப்ரவரி வரை ஓட்டப்போவதில்லை. அதற்குள் இதைச் சரிபண்ணிவிட வேண்டும்.

பிரச்சினை இதுதான். ஸ்லாலத்தில், அதாவது வரிசையாக வைத்த கோன்களுக்கு நடுவே, இடமும் வலமுமாக வெட்டிப் போய், கடைசிக் கோனைத் தாண்டி பிரேக் மிதித்தால் பெடல் பாதி தூரம் வெறுமனே உள்ளே போகிறது. காலை எடுத்து இன்னொரு முறை மிதித்தால் கெட்டியாக நிற்கிறது. காலையில் முதல் ரன்னிலேயே இப்படித்தான். சாலையில் ஓட்டும்போது எதுவும் தெரிவதில்லை.

புது டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தாயிற்று. மாற்றம் இல்லை. ஒரு வர்க்‌ஷாப்பில் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்) போய்விட்டது என்கிறார்கள். கூட ஓட்டும் நண்பர், பெரிய காலிப்பர் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைப் பேடால் கவ்வும் பாகம்) கிட் போட்டால் எல்லாம் தீரும் என்கிறார். இன்ஸ்பெக்‌ஷன் போன மாதம்தான் பாஸ் ஆனது, பிரேக்கில் ஒரு குறையும் சொல்லவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பிடோக்_ராஜா:
ஆயில் கொதித்திருக்கும் ப்ரோ. நம்மூர் ஈரப்பதத்தில் பிரேக் ஆயில் சீக்கிரம் தண்ணீர் இழுத்துவிடும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும். தண்ணீர் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். டாட் 5.1 ஊற்றிப் பாருங்கள், அது 260. டாட் 5 மட்டும் வேண்டாம், அது சிலிக்கான் வகை, இதோடு கலக்கக் கூடாது.

காக்கிபுக்கிட்_மெக்:
ராஜா சொன்ன கணக்கு சரி, ஆனால் இந்தக் காருக்குப் பொருந்தாது. தம்பி எழுதியதை மறுபடி படியுங்கள்: புது ஆயில், காலையில் முதல் ரன், டிஸ்க் இன்னும் சூடாகவே இல்லை. ஒரு நிமிடம் ஓடும் ரன்னில் ஆயில் கொதிப்பது அபூர்வம். கொதித்திருந்தால் ரன் போகப் போகப் பெடல் கெட்டுக்கொண்டே வரும், ஆறினால் திரும்பும்.

மாஸ்டர் சிலிண்டரைச் சோதிக்கக் காசே வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே பெடலை மெதுவாக, ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடியுங்கள். கால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனால் உள்ளே சீல் விடுகிறது என்று சந்தேகப்படலாம். அப்படியே நின்றால் அதைத் தொட வேண்டாம். "ஸ்லாலம் போனால் மட்டும்" கெடுகிற மாஸ்டர் சிலிண்டரை நான் பார்த்ததில்லை.

எனக்குத் தோன்றுவது பேட் நாக்-பேக், அதாவது பேட் பின்னே தள்ளப்படுவது. பிரேக்கை விட்டதும் காலிப்பர் பிஸ்டனை அதன் ரப்பர் சீல்தான் மயிரிழை அளவு பின்னே இழுக்கும். பேட் டிஸ்க்கை ஒட்டினாற்போல் நிற்பது அதனால்தான். ஆனால் சக்கர பேரிங்கில் ஆட்டம் இருந்தால், வளைவில் விழும் பக்கவாட்டுச் சுமையில் ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுத்துண்டு) சேர்ந்து டிஸ்க்கும் சாயும். சாயும் டிஸ்க் பேட்டைத் தள்ளும், பேட் பிஸ்டனைத் தள்ளும். ஸ்லாலத்தில் இடம் வலம் என்று மாறி மாறித் தட்டினால் பிஸ்டன் நன்றாகவே உள்ளே போய்விடும். அடுத்து நீங்கள் மிதிக்கும் முதல் மிதி அந்த இடைவெளியை நிரப்பவே செலவாகிறது. இரண்டாவது மிதிதான் உண்மையான பிரேக்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலிப்பர் பிஸ்டனின் பரப்பு மாஸ்டர் சிலிண்டரைப் போல ஆறு மடங்கு, பெடல் நெம்பும் விகிதம் நான்கு என்று வையுங்கள். பிஸ்டன் வெறும் 0.5 மி.மீ. பின்னே போனாலே பெடலில் 12 மி.மீ. காணாமல் போகும். ஒரு சக்கரத்துக்கே இவ்வளவு.

இன்ஸ்பெக்‌ஷனில் ஏன் சிக்கவில்லை என்றால், அங்கே சக்கரம் உருளைமேல் நேராகச் சுற்றுகிறது. பக்கவாட்டுச் சுமையே கிடையாது.

ஸ்பேனர் எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்: மறுபடி கோன் நடுவே ஓட்ட வாய்த்தால், கடைசிக் கோனுக்கு முன்பே இடது காலால் பிரேக்கை லேசாகத் தட்டிவிட்டு வாருங்கள். அப்போது அடுத்த மிதி கெட்டியாக இருந்தால் நாக்-பேக் என்று ஏறக்குறைய முடிவே கட்டலாம்.

ஈசூன்_ஸ்விஃப்ட்:
நன்றி அண்ணே. பெடலை மிதித்துப் பிடித்துப் பார்த்தேன், இறங்கவே இல்லை. காரை ஜாக்கியில் ஏற்றிப் பார்க்க இப்போதைக்கு இடம் இல்லை, எங்கள் புளோக் அடுக்குமாடி கார் பார்க்தான். சாலையில் ஓட்டியபடியே வேறு ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?

தெம்பனிஸ்_மீனா:
வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் பார்க்கில் ஜாக்கி போட்டு வேலை பார்க்க அனுமதி கிடையாது, அந்த யோசனையே வேண்டாம். மணிக்கணக்கில் லிஃப்ட் வாடகைக்கு விடும் இடங்களில் ஒரு மணி நேரம் எடுங்கள், நான்கு சக்கரத்தையும் பார்த்துவிடலாம்.

அதற்கு முன், ரேடியோவை அணைத்துவிட்டு விரைவுச்சாலையில் 70, 80-இல் போய்க் கேளுங்கள். அடியிலிருந்து "ஊம்" என்று ஒரு முனகல் வருகிறதா? நீண்ட வளைவில் அது கூடுகிறதா, குறைகிறதா? வலப்பக்கம் வளையும்போது கூடினால் சுமை இடப்பக்கத்தில் விழுகிறது, ஆகவே இட பேரிங்மேல்தான் முதல் சந்தேகம். பழைய டயரும் முனகும். ஆனால் டயர் சத்தம் வளைவுக்கு வளைவு இப்படி மாறாது. தார் மாறினால்தான் மாறும்.

ஈசூன்_ஸ்விஃப்ட்:
அக்கா, கேட்டுவிட்டேன். வலப்பக்கம் வளையும்போது சத்தம் கூடுகிறது, இடப்பக்கம் வளைந்தால் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இத்தனை நாளும் இதை டயர் சத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை லிஃப்ட் எடுத்திருக்கிறேன். என்னென்ன பார்க்க வேண்டும்?

காக்கிபுக்கிட்_மெக்:
சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து, அதாவது 12 மணி, 6 மணி இடத்தில், உள்ளே வெளியே ஆட்டுங்கள். "டக்" என்று கையில் தட்டினால், உடன் வருபவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் கீழே பால் ஜாயிண்ட்டை (சஸ்பென்ஷனின் பந்து மூட்டு) பாருங்கள். 9 மணி, 3 மணி இடத்தில் மட்டும் ஆட்டம் என்றால் டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) பக்கம்.

கையில் தெரியாத ஆட்டமும் கெடுதல் செய்யும். டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் முள் மானி) கிடைத்தால் ஹப் முகத்தில் வைத்து உள்ளே வெளியே இழுத்து அளந்துகொள்ளுங்கள். பல கார்களின் மேனுவலில் வரம்பு 0.1 மி.மீ. அளவில்தான் இருக்கும். கேஜ் கையில் இருக்கும்போதே டிஸ்க்கின் ஓட்டத்தையும் பாருங்கள். ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே துரு ஏறினால் டிஸ்க் நெளிந்து ஓடும். அதுவும் பேட்டைத் தள்ளும்.

கோவை_மண்தரை:
கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் ஓட்டுவது பெரும்பாலும் மண்தரையில். இங்கே நாக்-பேக் என்று வரும் கார்களில் பாதிக்கு பேரிங்கோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கும்: காலிப்பர் ஸ்லைடு பின். உங்கள் காலிப்பர் ஒற்றை பிஸ்டன், மிதக்கும் வகை. டிஸ்க் சாயும்போது காலிப்பரே பின்மேல் வழுக்கி ஒதுங்கிக்கொண்டால் பிஸ்டனுக்கு அதிகம் அடி விழாது. பின் காய்ந்து பிடித்திருந்தால் காலிப்பர் நகராது, தள்ளல் முழுவதும் பிஸ்டனுக்குத்தான் போகும்.

பேட்டைக் கழற்றி உள் பேட், வெளி பேட் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பின்தான். பின்னை மூடும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சாதாரண கிரீஸ் தடவ வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். பிரேக்குக்கென்று சிலிக்கான் கிரீஸ் இருக்கிறது.

ஈசூன்_ஸ்விஃப்ட்:
சனிக்கிழமை பார்த்தாயிற்று. முன் இடது சக்கரத்தில் 12-6 ஆட்டம் கையிலேயே தெரிந்தது, பிரேக் பிடித்ததும் நின்றது. அதே பக்கம் கீழ் ஸ்லைடு பின்னை இரண்டு கையாலும் முறுக்கித்தான் வெளியே எடுத்தோம். பூட் ஓரத்தில் கிழிசல், உள்ளே பழைய கிரீஸ் காய்ந்து பழுப்பு மெழுகாக ஒட்டியிருந்தது. உள் பேட் வெளி பேட்டைவிட நன்றாகவே தேய்ந்திருக்கிறது. முன் வலது இப்போதைக்குச் சரி. கோவை நண்பருக்குத் தனி நன்றி.

பேரிங்கை நானே மாற்றலாமா?

காக்கிபுக்கிட்_மெக்:
கழற்றி மாட்டுவதை நீங்கள் செய்யலாம். பிரஸ் வேலையை மட்டும் பிரஸ் இருக்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். உங்கள் காரில் பேரிங் நக்கிளுக்குள் (ஹப்பைத் தாங்கும் பெரிய துண்டு) அழுத்தி உட்காரும். உள்ளே இறக்கும்போது வெளி வளையத்தில்தான் அழுத்த வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்குப் பின்னால் முட்டு கொடுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் அழுத்தம் பந்துகள் வழியாகப் போய், பெட்டியிலிருந்து எடுத்த புது பேரிங்கே மாட்டும்போது புண்ணாகிவிடும். அப்புறம் சில மாதத்தில் அதே முனகல், "சாமான் டூப்ளிகேட்" என்று பழி.

ஏபிஎஸ் காந்த வளையம் உள்ள பேரிங் வந்தால், அந்தப் பக்கம் சென்சரைப் பார்த்து உட்கார வேண்டும். திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு அணையாது, மறுபடி அழுத்தி எடுத்தால் பேரிங் போச்சு.

ஆக்ஸில் நட் புதிது வாங்குங்கள். சுத்தியலால் தட்டிப் பூட்டும் நட்டைத் திரும்பப் போடக் கூடாது. மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்கிய பிறகே சக்கரத்தைத் தரையில் வையுங்கள். நட் தளர்ந்திருக்கும்போது காரின் எடை பேரிங்மேல் விழுந்தால் அப்போதே அது கெட ஆரம்பித்துவிடும்.

பிடோக்_ராஜா:
சரி, கொதிப்புக் கதையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எல்லாவற்றையும் பிரிக்கும்போது பேடையும் ரேஸ் பேடாக மாற்றிவிடலாமே?

தெம்பனிஸ்_மீனா:
ரேஸ் பேட் சூடு ஏறினால்தான் பிடிக்கும். நமக்கு ஒரு நிமிட ரன், அப்புறம் வரிசையில் காத்திருப்பு. சூடு ஏறுவதற்குள் ரன் முடிந்துவிடும். ஆறிய நிலையிலேயே கடிக்கும் நல்ல சாலை பேட் போதும். பெரிய காலிப்பர் கிட்டும் அப்படித்தான், பல கிட்டுகள் மிதக்காத வகை. அதில் டிஸ்க் சாய்ந்தால் ஒதுங்க இடமே இல்லை. பேரிங் ஆட்டத்தை வைத்துக்கொண்டு அதைப் போட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்.

மழைக்காலத்தில் காரைச் சும்மா நிறுத்துபவர்களுக்கும் ஒன்று: ஹேண்ட் பிரேக்கைப் போட்டு வாரக்கணக்கில் விடாதீர்கள், பேட் துருவோடு ஒட்டிக்கொள்ளும். சமதளமாக இருந்தால் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஆட்டோகிராஸ் டயரைக் கழற்றினால் கறுப்புப் பையில் சுற்றி வெயில் படாமல் வையுங்கள். பக்கத்தில் அச்சிட்ட நான்கு இலக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். பட்டன் எவ்வளவு மீதி இருந்தாலும் அவ்வளவு பழைய ரப்பர் பிடிக்காது.

ஈசூன்_ஸ்விஃப்ட்:
தகவல் சொல்லிவிடுகிறேன். இட பேரிங் மாற்றியாயிற்று. பிரஸ் வேலை கடையில், மற்றதெல்லாம் வாடகை லிஃப்ட்டில். இரண்டு பக்கமும் ஸ்லைடு பின்னைச் சுத்தம் செய்து புது பூட், புது கிரீஸ். விரைவுச்சாலையில் முனகல் சுத்தமாக இல்லை. மழை விட்ட ஒரு ஞாயிறு, நண்பர்களோடு கோன் வைத்து ஓட்டிப் பார்த்தேன். கடைசிக் கோனைத் தாண்டியதும் முதல் மிதியிலேயே பெடல் மேலேயே நிற்கிறது. இடது காலால் தட்டவே தேவைப்படவில்லை. மாஸ்டர் சிலிண்டர் பழையதுதான்.

இப்போது ஸ்டியரிங் லேசாக இடப்பக்கம் இழுக்கிறது. அலைன்மெண்ட்தானே?

காக்கிபுக்கிட்_மெக்:
அதேதான். நக்கிளைக் கழற்ற ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பர் தூண்) இரண்டு போல்ட்டையும் எடுத்திருப்பீர்கள். அந்த ஓட்டையில் இருக்கும் சிறு இடைவெளியே கேம்பரை (முன்னிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) மாற்றப் போதும், அதோடு டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறும். அலைன்மெண்ட் செய்யும்போது நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள், அல்லது உங்கள் எடைக்கு மூட்டை வையுங்கள். ஜொகூர் போய் ஓட்டுவதாக இருந்தால் டாங்க்கையும் நிரப்பிக்கொண்டு போங்கள். மற்ற ஊர்க்காரர்கள் கால் டாங்க்கில் ஓட்டுவார்கள்; நமக்கு முக்கால் டாங்க் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. 30 லிட்டர் என்றாலே 22 கிலோ.

ஈசூன்_ஸ்விஃப்ட்:
புதன்கிழமை அலைன்மெண்ட்டுக்கு நேரம் வாங்கிவிட்டேன். முன் வல பேரிங்கும் அதே வயதுதானே, இப்போதே மாற்றிவிடவா?

காக்கிபுக்கிட்_மெக்:
ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். சீசன் நடுவில் டயர் மாற்றும்போதெல்லாம் 12-6 ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். சாமானை மட்டும் வாங்கி வீட்டில் வையுங்கள், நட்டோடு சேர்த்து.