இங்கிலீஷ் மரபுத்தொடர் பாடமாக்கியும் கதைக்கேக்க வருதில்லை – உதவி வேணும்

கேட்டவர் (கோண்டாவில்):
வணக்கம். இங்கிலாந்து ஆக்களின்ர கணக்குவழக்குப் பார்க்கிற இடமொண்டில வேலை செய்யிறன். கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் அங்கத்தைய மனேச்சரோட சூமில கூட்டம். இலக்கணம் பிரச்சினை இல்லை, ஈமெயில் எழுதுவன், வாசிச்சாலும் விளங்கும். அவ வாய் திறந்து கதைக்கேக்கதான் சிக்கல். ஒரு வாடிக்கையாளரின்ர பத்திரங்கள் பிந்துது, என்ன செய்வம் எண்டு கேட்டன். "லெற்ஸ் பிளே இற் பை இயர்" எண்டு சொன்னா. ஒவ்வொரு சொல்லும் தெரிஞ்ச சொல், சேர்த்தா பிடிபடேல்லை. யோசிக்கிறதுக்குள்ள கதை அடுத்த விசயத்துக்குப் போயிட்டுது.

போனில ஒரு பட்டியல் எடுத்துக் கருத்தோட பாடமாக்கினன். பட்டியலைப் பார்த்தா எல்லாம் தெரியுது, ஆள் கதைக்கேக்க ஒண்டும் ஞாபகத்துக்கு வருதில்லை. ஜனவரி 31க்குள்ள அங்க கனபேர் வரிக்கணக்கை இணையத்தில குடுத்து முடிக்கோணும். அந்த மாதம் முழுக்க அவையோடதான் கதை. அதுக்கு முன்னம் என்ன செய்யலாம்?

ஏஎல் படிக்கிறவர் (சுன்னாகம்):
இங்கிலீஷ் படம் பாருங்கோ அக்கா, சப்ரைற்றிலோட.

கேட்டவர்:
பார்க்கிறனான் தம்பி. பார்க்கேக்க விளங்குது, பிறகு நிக்குதில்லை.

ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார் (மானிப்பாய்):
பிள்ளை, முதல்ல அந்தப் பட்டியலைத் தூக்கி வையுங்கோ. அதில கருத்து இருக்கும், ஆர் ஆருக்கு எந்த நேரத்தில சொன்னது எண்டது இருக்காது. அது உங்கட சீவியத்தில இருந்துதான் வரவேணும். ஒரு தொடருக்கு ஒரு சம்பவம், உங்களுக்கு உண்மையா நடந்தது. நாலைஞ்சு வரி இங்கிலீசில எழுதுங்கோ. அந்தத் தொடர் தன்ர பாட்டில வாயில வாற இடத்தில கதையை நிப்பாட்டுங்கோ.

நீங்கள் கேட்டதையே எடுப்பம். "பிளே இற் பை இயர்" இசையில இருந்து வந்தது. எழுதின தாளைப் பாராமல் காதை நம்பி வாசிக்கிறது. அதிலயிருந்து, முன்கூட்டித் திட்டம் போடாமல் நிலைமையைப் பார்த்துச் செய்யிறதுக்கும் சொல்லத் தொடங்கினவை. நல்லூர்த் திருவிழா 25 நாளிலயும் எங்கட வீட்டில ஆக்கள்தான். தேரண்டு கனடாவில இருந்து வந்த சொந்தங்களும் நிண்டவை. மத்தியானம் எத்தினை பேர் சாப்பிட வருவினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. மனிசி கிடாரத்தைக் கழுவிக் கவிட்டு வைச்சிட்டா. அரிசி அளக்கேல்லை, பூசணிக்காய் வெட்டாமல் அப்பிடியே கிடக்குது. "வாற ஆக்களைப் பார்த்துப் போடுவம்" எண்டா. அந்த இடத்திலதான் இங்கிலீஷ்காரர் "லெற்ஸ் பிளே இற் பை இயர்" எண்டுவினம். உங்கட மனேச்சர் சொன்னதும் இதுதான், பத்திரம் எப்பிடி வருகுதெண்டு பார்த்து முடிவெடுப்பம்.

பாடப்புத்தகத்து ரொம் சந்தைக்குப் போன கதை எழுதாதேங்கோ. உங்கட அம்மா திருநெல்வேலிச் சந்தைக்குப் போகட்டும். ஒரு கதைக்குள்ள ஐஞ்சு தொடரைத் திணிக்கவும் வேண்டாம். எழுதினதை ஆருக்காவது சத்தமாச் சொல்லுங்கோ, எழுத்து மட்டும் காணாது.

லண்டனில இருந்து:
வாத்தியார் சொன்னது முழுக்கச் சரி. எதைப் படிக்கிறது எண்டதையும் பாருங்கோ தங்கச்சி. "ரெய்னிங் கற்ஸ் அண்ட் டோக்ஸ்" எல்லாப் பட்டியலிலயும் நிக்கும். இஞ்ச மழைக்குக் குறைவில்லை, ஆனா வேலையிடத்தில ஆரும் அப்பிடிச் சொல்லி நான் கேட்டது குறைவு. ஜனவரியில உங்கட காதில விழப்போறது "ஸ்நோவ்ட் அண்டர்", வேலை தலைக்கு மேல கிடக்குது எண்டு. "அண்டர் த வெதர்" எண்டா உடம்பு கொஞ்சம் சரியில்லை, பெரிய வருத்தத்துக்குச் சொல்லுறேல்லை. "கோல் இற் எ டே" எண்டா இண்டைக்கு இவ்வளவு காணும்.

ஒண்டில மட்டும் கவனம். "ஐ ஆம் புல்லிங் யுவர் லெக்" எண்டு சொன்னா கோவிக்காதேங்கோ. நாங்கள் காலை வாருறது எண்டா துரோகம், அவைக்கு அது வெறும் பகிடி. என்னோட வேலை செய்த எங்கட பெடியன் ஒருத்தன் இதாலயே மேசைக்குப் பக்கத்தில இருக்கிறவரோட கனநாள் கதைக்கேல்லை.

லோங்மன், கேம்பிரிட்ஜ் அகராதியள் இணையத்தில இலவசம். பழைய வழக்கோ பேச்சுவழக்கோ எண்டு பக்கத்தில போட்டிருப்பினம். பிபிசியின்ர "த இங்கிலீஷ் வீ ஸ்பீக்" கேளுங்கோ, சின்னச் சின்ன நிகழ்ச்சியள்.

கேட்டவர்:
மெத்தப் பெரிய உபகாரம். ஒரு கதை எழுதினன் சேர், திருத்தி விடுங்கோ. அப்பா கொழும்பு ரெயினுக்குப் போகோணும், ஓட்டோ பிந்தி வந்தது. ஒரு கையில பை, மற்றக் கையில ஒடியல் மாப் பாசல். காட் பச்சைக் கொடி காட்டேக்கதான் பெட்டியில கால் வைச்சவர். கடைசி வரி: "ஹி கோற் த ரெயின் பை த ஸ்கின்ஸ் ஒஃப் ஹிஸ் ரீத்." மயிரிழையில ரெயினைப் பிடிச்சிட்டார் எண்டு.

வாத்தியார்:
அருமையான கதை, ஒடியல் மாவே காணும் ஞாபகத்தில நிக்க. "ஸ்கின்" தான், "ஸ்கின்ஸ்" இல்லை. ஆளுக்கேத்த மாதிரி "மை", "ஹிஸ்" மாறும், மற்றதில கை வைக்கேலாது. வேதாகமத்தில யோபு 19ஆம் அதிகாரத்தில உள்ள தொடர் இது. 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பிலயும் ஒருமையிலதான் கிடக்குது. அங்க "வித்", இப்ப நாங்கள் "பை" எண்டுறம். அடுத்தது "ஸ்நோவ்ட் அண்டர்" எழுதி அனுப்புங்கோ, உங்கட அலுவலகத்துக்குள்ள நடந்ததா இருக்கட்டும்.

கேட்டவர்:
சரி சேர். கூட்டத்திலயே தெரியாத தொடர் வந்தா "வட் டு யூ மீன்?" எண்டு கேக்கலாமோ?

லண்டனில இருந்து:
அது சொல்லுற தொனியைப் பொறுத்து சண்டைக்குப் போற மாதிரியும் கேக்கும். "சொறி, தற்ஸ் எ நியூ வன் ஒன் மீ" எண்டு சொல்லுங்கோ. உடன விளங்கப்படுத்துவினம், சந்தோசமாவும் சொல்லித் தருவினம். நான் இப்பவும் அப்பிடித்தான் கேக்கிறனான்.